உலக சதுரங்க வாகை 2013

உலக சதுரங்க வாகை 2013 என்பது நடப்பு வாகையாளரான இந்தியாவின் விசுவநாதன் ஆனந்துக்கும், அறைகூவல் வீரரான நோர்வேயின் மாக்னஸ் கார்ல்சனுக்கும் இடையே சென்னையில் நடைபெற்ற உலகப் பட்டப் போட்டியாகும். 2013 நவம்பர் 9 முதல் 22 வரை நடந்த இப்போட்டியில் கார்ல்சன் 6½–3½ என்ற புள்ளிக் கணக்கில் வென்றார். பன்னிரண்டு ஆட்டங்களுக்குத் திட்டமிடப்பட்டிருந்த போட்டி பத்தாவது ஆட்டத்துடன் முடிவடைந்தது.

பின்னணி

2007 இல் உலக வாகையாளரான ஆனந்த், 2008 இல் விளாதிமிர் கிராம்னிக்கையும், 2010 இல் வெசெலின் தோபலோவையும், 2012 இல் போரிஸ் கெல்பாண்டையும் வென்று பட்டத்தைத் தக்க வைத்திருந்தார். இவற்றுள் கெல்பாண்டுடனான போட்டி விரைவு ஆட்டங்களிலேயே முடிவானது.

கார்ல்சன் 2013 இல் இலண்டனில் நடந்த தகுதிச் சுற்றில் கிராம்னிக்குடன் சமப் புள்ளிகள் பெற்றார். அதிக ஆட்டங்களில் வென்றிருந்ததால் முதலிடம் அவருக்குக் கிடைத்தது. போட்டியின்போது அவரது எலோ தரப்புள்ளி 2870, ஆனந்தின் தரப்புள்ளி 2775.

ஆனந்த் வளர்ந்த நகரமான சென்னையில், தமிழ்நாடு அரசின் நிதியுதவியுடன் போட்டி நடைபெற்றது. ஏலமின்றிச் சென்னை தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு நோர்வே சதுரங்கக் கூட்டமைப்பு ஆட்சேபணை தெரிவித்தது. எனினும் உலக சதுரங்கக் கூட்டமைப்பு தன் முடிவை மாற்றவில்லை.

போட்டி முறை

பட்டம் வைத்திருப்பவரை அறைகூவல் வீரர் ஒருவர் நேருக்கு நேர் சந்திப்பதே உலக வாகைப் போட்டியின் வழக்கமாகும். சப்பானின் கோ விளையாட்டில் கிசெய், மெய்சின் ஆகிய பட்டங்களுக்கான ஏழு ஆட்டத் தொடர்களும் இம்முறையையே பின்பற்றுகின்றன. சதுரங்கத்தில் வெற்றிக்கு 1 புள்ளியும், சமனுக்கு ½ புள்ளியும் வழங்கப்படுகின்றன. எனவே 12 ஆட்டங்களில் முதலில் 6½ புள்ளிகளை எட்டுபவர் வாகையாளராவார். முதல் 40 நகர்த்தல்களுக்கு 120 நிமிடங்களும், அடுத்த 20 நகர்த்தல்களுக்கு 60 நிமிடங்களும், அதன்பின் 15 நிமிடங்களுடன் நகர்த்தல் ஒன்றுக்கு 30 நொடிகளும் அளிக்கப்பட்டன.

ஆட்டங்கள்

- 1 முதல் 4 வரை: சமன் (2–2)
- 5: கார்ல்சன் வெற்றி (3–2)
- 6: கார்ல்சன் வெற்றி (4–2)
- 7, 8: சமன் (5–3)
- 9: கார்ல்சன் வெற்றி (6–3)
- 10: சமன் (6½–3½)

முதல் ஆட்டம் 16 நகர்த்தல்களிலேயே சமனில் முடிந்தது. ஐந்தாவது ஆட்டத்தில் கார்ல்சனுக்குத் தொடக்கத்தில் பெரிய மேன்மை எதுவும் கிடைக்கவில்லை. கோட்டைகள் (யானைகள்) மட்டும் எஞ்சிய இறுதிக் கட்டத்தில் அவர் தொடர்ந்து அழுத்தம் கொடுத்தார். 45ஆவது நகர்த்தலில் ஆனந்த் தவறான கட்டத்திலிருந்து முற்றுகை வைத்ததால், சமன் செய்யும் வாய்ப்பை இழந்தார். மறுநாள் நடந்த ஆறாவது ஆட்டமும் ஏறத்தாழ இவ்வாறே அமைந்தது. கறுப்புக் காய்களுடன் ஆடிய கார்ல்சன், சில காலாள்களைக் கைவிட்டு ஒரு காலாளை முன்னேறச் செய்து 67 நகர்த்தல்களில் வென்றார்.

இரண்டு புள்ளிகள் பின்தங்கிய நிலையில் ஒன்பதாவது ஆட்டத்தை ஆனந்த் கட்டாயம் வெல்ல வேண்டியிருந்தது. அவர் வெள்ளைக் காய்களுடன் கறுப்பு அரசனை நோக்கித் தாக்குதல் தொடுத்தார். அதற்குள் கார்ல்சன் மறுபக்கத்தில் ஒரு காலாளை கடைசிக் கட்டம் வரை கொண்டுசென்று அரசியாக்கினார். முற்றுகையைத் தடுக்க அமைச்சரை (மந்திரியை) நகர்த்தியிருந்தால் ஆட்டம் நீடித்திருக்கும். ஆனந்த் 28ஆவது நகர்த்தலில் குதிரையை வைத்தார். கார்ல்சனின் அடுத்த நகர்த்தலுடன் தோல்வியை ஒப்புக்கொண்டார். மறுநாள் கார்ல்சனுக்கு ஒரு சமனே போதுமானதாக இருந்தது.

பின் விளைவுகள்

23 வயது நிறைவதற்கு எட்டு நாட்கள் இருக்கும்போது கார்ல்சன் வாகையாளரானார். காரி காஸ்பரோவ் மட்டுமே அதுவரை அவரைவிட இளம் வயதில் இப்பட்டத்தை வென்றிருந்தார். ஆனந்த் 2014 இல் தகுதிச் சுற்றை வென்று, அதே ஆண்டு சோச்சியில் கார்ல்சனை மீண்டும் சந்தித்து 4½–6½ என்ற கணக்கில் தோற்றார். கார்ல்சன் 2023 வரை பட்டத்தைத் தக்க வைத்திருந்தார். அவ்வாண்டு போட்டியில் பங்கேற்க விரும்பாமல் விலகினார்.

சென்னைப் போட்டியைப் பார்வையாளர் பகுதியிலிருந்து கண்டவர்களுள் ஏழு வயதுச் சிறுவரான து. குகேசும் ஒருவர். கண்ணாடி அறைக்குள் தாமும் ஒருநாள் அமர வேண்டும் என அப்போது எண்ணியதாக அவர் பின்னர் கூறியுள்ளார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை 7½–6½ என வென்று, தமது 18ஆவது வயதில் வரலாற்றின் மிக இளைய உலக வாகையாளரானார்.