புன்னைக்காயலும் பாவசங்கீர்த்தனத் தமிழும்

பொருநையாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்த புன்னைக்காயல், 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைச் சமயப்பணியின் தலைமையிடங்களுள் ஒன்றாய் விளங்கிற்று. தமிழ் அச்சின் வரலாறு எழுதுவோர் இவ்வூரைக் குறிப்பிடாது விடுவதில்லை. ஆயினும், அத்தொல்பதிப்புகள் எதன்பொருட்டு எழுந்தன என்னும் வினாவை அவர்கள் விரிவாக ஆராய்வதில்லை. அச்செழுத்தின் புதுமையே அவர்தம் கருத்தைக் கவர்ந்துவிடுகிறது. மக்கள் பல்லாயிரவரும் குருமார் மிகச் சிலருமாயிருந்த ஒரு கடற்கரையின் ஆட்சிமுறைத் தேவையே அந்நூல்களைத் தோற்றுவித்தது என்பதை ஈண்டுக் காட்டுவாம்.

1535 முதல் 1537 வரையுள்ள காலத்தில் இக்கரையின் பரதவர் திருமுழுக்குப் பெற்றனர். அவர்தம் ஆயரோ நெடுந்தொலைவில், 1534இல் மறைமாவட்டமாக்கப்பெற்ற கோவாவில் இருந்தார். பின்னர்க் கொச்சியில் ஓர் ஆயர் பீடம் ஏற்பட்ட போதும் தொலைவு பெரிதும் குறைந்ததெனல் இயலாது. 1542இல் வந்த சவேரியார் இக்குறைக்குக் கண்ட வழி ஊர்தோறும் கணக்கப்பிள்ளையை அமர்த்துதல். வரவு செலவு எழுதுவோரைச் சுட்டிய பெயர் சமயத்தொண்டர்க்கு ஆகியமை சொல்லாராய்ச்சியாளர் கருதத்தக்கது. செபம் கற்பித்தல், குருவில்லாவிடத்துச் சாகுந்தறுவாயிலுள்ள குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தல், திருமணத் தடைகளை அறிவித்தல் ஆகியன இவர் கடமைகள். போர்த்துக்கல் அரசியாரின் பாதணிச் செலவுக்கென இக்கரையினின்றும் சென்ற 4000 பணமே இவர்தம் ஊதியத்திற்கு மாற்றப்பெற்றது!

கணக்கப்பிள்ளையால் இயலாத பணி ஒன்றுண்டு. அது பாவசங்கீர்த்தனம் கேட்டல். குருவே கேட்டு, குருவே மன்னிப்பு வழங்கவேண்டும். துபாசியை இடையே நிறுத்தித் தன் குற்றத்தை உரைக்க யார்தான் துணிவர்? மொழிபெயர்ப்பின் இடர்ப்பாட்டைச் சவேரியாரே உணர்ந்திருந்தார். விசுவாசப் பிரமாணத்தில் ‘நம்புகிறேன்’ என்னும் பொருள் நிற்கவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் நின்றதையறிந்து, அதனைத் திருத்துமாறு உடன்பணியாளர் மன்சிலாசுக்கு அவர் எழுதினார். செபத்தில் நேர்ந்த பிழையைக் கடிதத்தால் திருத்தலாம். மறைவில் உரைக்கப்படும் பாவத்தில் நேரும் பிழையைத் திருத்துவார் யார்?

இவ்விடத்தேதான் அண்டிரிக்கு அடிகளாரின் பணி தொடங்குகிறது. போர்த்துக்கல் நாட்டினரான இவர் 1546இல் இந்தியா வந்து, 1549இல் இக்கரைச் சேசுசபையினர்க்குத் தலைவரானார். தமிழைத் துபாசியின்றிப் பேசக் கற்றதோடமையாது, தம்முடனிருந்த குருமாரும் தமக்குள் தமிழிலேயே உரையாடவேண்டுமென விதித்தார். அவர்க்கெனத் தமிழிலக்கணம் ஒன்றையும் போர்த்துக்கீசிய மொழியில் இயற்றினார். இலக்கணம் புலவர்க்கென்றே எழுந்த நாட்டில், பங்கை நடத்துதற்கு எழுந்த இலக்கணம் இது. தொல்காப்பிய நன்னூல் நெறி இதனில் இல்லையே என்று குறை கூறுவார் இந்நோக்கத்தை மறந்தவராவர்.

அச்சுநூல்களின் வரிசையும் இதனையே காட்டும். 1578இல் கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கம் 16 பக்கமே உடைய செபநூல். மறுஆண்டு கொச்சியில் வினாவிடையாய் அமைந்த கிரீசித்தியானி வணக்கமும், 1580இல் பாவசங்கீர்த்தனக் கையேடும் வந்தன. 1586இல் வந்த அடியார் வரலாறோ அளவிற் பெரிது; அது புன்னைக்காயலில் அச்சாயிற்று என்பது பலர் கொள்கை. செபம், பின் போதனை, பின் பாவசங்கீர்த்தனம், இறுதியில் நன்மாதிரியாக அடியார் வாழ்க்கை என்னும் இம்முறை பங்குப்பணியின் படிமுறையேயாம்.

இந்நூல்களில் பயிலும் ‘இசுப்பிரித்து சாந்து’, ‘குருசு’ முதலிய போர்த்துக்கீசியச் சொற்களைத் தமிழறியாமையின் விளைவென்பார் உளர். அது பொருந்துவதாகத் தோன்றவில்லை. ‘வேணும்’ விளைத்த இடரைக் கண்டவர்கள், கோட்பாட்டுச் சொற்களில் அயன்மொழியைக் காவலாக வைத்தனர் எனல் தகும். ஏனைய இடங்களில் அவர்தம் உரைநடை பரதவர் பேச்சையே பெரிதும் தழுவிச் செல்கிறது. 16ஆம் நூற்றாண்டுக் கடற்கரைப் பேச்சுவழக்கை அறிய விரும்புவோர்க்கு, இராசமாணிக்க அடிகளார் 1967இல் தூத்துக்குடியில் பதிப்பித்த அடியார் வரலாறு கைக்கெட்டும் சான்றாகும்.

அண்டிரிக்கு அடிகளார் 1600இல் புன்னைக்காயலில் மறைந்தார். உடல் தூத்துக்குடியில் அடக்கஞ் செய்யப்பெற்றது. அத்தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகி, இக்கரையில் பிறந்த திபூர்சியுசு ரோச்சு ஆண்டகையைத் தன் முதல் ஆயராகப் பெற்றது 1923இல்.