உச்சிப்புளி மணலுக்கு எந்தத் தக்காளி?

ஐப்பசி மழை நின்றதும் தக்காளி நாற்றங்கால் போட வேண்டும் என்று எண்ணியிருக்கும் உச்சிப்புளி, மண்டபம் வட்டார விவசாய அன்பர்கள் பலரும் கேட்கும் கேள்வி, "எந்த நாட்டு ரகத்தைப் போடலாம்?" என்பதுதான். வீரிய ஒட்டு விதையை ஒவ்வொரு போகத்துக்கும் காசு கொடுத்து வாங்கிச் சலித்தவர்கள், சொந்தமாக விதை எடுத்துக்கொள்ளக்கூடிய ரகங்களின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். நல்ல நாட்டமே. ஆயினும் இக்கடற்கரையில் பழத்தின் பருமனையும் நிறத்தையும் பார்த்து ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். இரவு வெப்பத்தையும் கிணற்று நீரின் உப்பையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தக்காளிப் பூ நன்கு பிஞ்சு பிடிப்பதற்கு இரவில் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருப்பது நலம். இரவு மிகுந்த புழுக்கமாக இருந்தால் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் காம்போடு உதிர்ந்துவிடும். உள்மாவட்டங்களில் மார்கழி, தை மாதங்களில் நல்ல குளிர் கிடைக்கும். இங்கோ இரு புறமும் கடல். கடல் நீர் பகல் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் தை மாதத்து இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே கோயம்புத்தூரில் கொத்துக் கொத்தாய்க் காய்த்த ரகம் இங்கே வெறும் பூவோடு நின்றுவிடலாம். பொதுவாகச் சிறு பழ ரகங்கள் இந்த வெப்பத்தை ஓரளவு தாங்கும். பெரும் பழ ரகங்கள் தாங்குவதில்லை.

அடுத்தது உப்பு. இதைச் சொல்லும்போது என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இக்கடற்கரைச் சிற்றூர் ஒன்றில், ஊற்று நீரைக் குடத்தில் சுமந்து ஊற்றித் தக்காளி வளர்த்துவந்த ஓர் அம்மாளுக்கு நானே ஒரு ரகத்தைச் சிபாரிசு செய்தேன். மாசி மாதம் போனபோது ஒரு கூடைக் காயைக் கொண்டுவந்து காட்டினார். "ஐயா, எல்லாக் காயும் அடியில கறுத்துப் போச்சு. என்னன்னு பாருங்க" என்றார். பூசண நோய் என்று எண்ணி மருந்து தெளிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். மருந்துச் செலவும் வீணாயிற்று, காயும் வீணாயிற்று. பிறகுதான் ஊற்று நீரை வாயில் விட்டுப் பார்த்தேன். மழை நின்று மூன்று மாதத்தில் நன்றாகக் கரித்தது. உப்பு நீராலும், மணல் காய்ந்து காய்ந்து நனைவதாலும் சுண்ணாம்புச் சத்து காயின் நுனிக்குப் போய்ச் சேராததால் வந்த கோளாறு அது. எந்தப் பூசண மருந்தும் அதைத் தீர்க்காது. கார்த்திகையில் இனிப்பாக இருந்த நீரை நம்பி ரகம் சொன்னது என் பிழை.

மண்ணின் உப்பு நிலை 2.5 டெசிசீமன்ஸ் வரை தக்காளி தாங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். எனவே நீரை இப்போது மட்டுமன்றி மாசியிலும் பரிசோதித்து அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். பங்குனிக்கு முன் பறிப்பு முடிந்துவிடக்கூடிய குறுகிய வயதுப் பயிரே இங்கே பாதுகாப்பானது.

இனி ரகங்களுக்கு வருவோம். பெரியகுளத்தில் உருவாகி 1978-ல் வெளிவந்த பி.கே.எம். 1, அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் சடுதிமாற்றம் உண்டாக்கிப் பெறப்பட்டது. தட்டையான உருண்டைப் பழம், காம்படியில் பச்சைத் தோள். தொலைதூரம் அனுப்பினாலும் கெடாது. ஆனால் வயது 130 நாளுக்கு மேல். மாசிக்குப் பிறகும் நல்ல தண்ணீர் உள்ள கிணற்றுக்காரர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். மருதம் என்று பெயர் பெற்ற கோ 3 குட்டையான செடி, சுமார் 100 நாளில் முடிந்துவிடும். நெருக்கி நடலாம். நீர் சீக்கிரம் கரிக்கும் இடங்களுக்கு என் தேர்வு இதுவே. வீட்டு வேலியோரம் தானாக முளைத்துக் காய்க்கும், வரிவரியான புளித்த சிறு நாட்டுத் தக்காளியையும் ஒதுக்கிவிடாதீர்கள். அது தங்கள் மண்ணிலேயே பல தலைமுறை கண்டது. மீன் குழம்புக்கும் அதற்கு இணையில்லை!

அமெரிக்கப் பரம்பரை ரகங்களான பிராண்டிவைன், செரோக்கி பர்ப்பிள் விதைகளைத் தபாலில் தருவித்த இளைஞர்களும் இருக்கிறார்கள். அரைக் கிலோ எடையுள்ள பழத்தைப் படத்தில் பார்த்து மயங்க வேண்டாம். அவை நீண்டு படரும், வயது கூடியவை, குளிர்ந்த இரவுகளில் வளர்ந்து பழகியவை. ஆசைக்கு நாலு செடி வைக்கலாம். ஏக்கர் கணக்கில் வைப்பது கூடாது.

என் சொல்லை மட்டும் நம்பி ஒரே ரகத்தில் இறங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ரகத்திலும் இருபது செடி ஒரே பாத்தியில் நட்டு, இரண்டாம், மூன்றாம் கொத்துகளில் எத்தனை பூ, எத்தனை பிஞ்சு என்று எண்ணி எழுதி வாருங்கள். நட்ட குழியில் மக்கிய தொழு உரமும், நன்கு மக்கிய தென்னை நார்க்கழிவும் இட்டால் மணல் ஈரம் காக்கும். மக்காத நார்க்கழிவில் உப்பு உண்டு, அதைத் தவிர்க்கவும். கத்தரி, மிளகாய் போட்டு வேரில் முடிச்சு கண்ட நிலத்தில் தக்காளி வைக்க வேண்டாம்.

பிஞ்சு அதிகம் பிடித்த, இலைச்சுருட்டை இல்லாத செடிகளில் கயிறு கட்டி அடையாளம் வைத்து, அவற்றின் பழத்தை விதைக்கு விடுங்கள். மற்ற ரகத்துக்கும் இதற்கும் 50 மீட்டர் இடைவெளி இருந்தால் கலப்பு நேராது. ஒரு பாத்தியில் பல ரகம் நட்ட சோதனைச் செடிகளிலிருந்து விதை எடுக்கக்கூடாது என்பது இதனால்தான். வீரிய ஒட்டுப் பழத்தின் விதையும் ஆகாது. அடுத்த தலைமுறையில் குணம் பிரிந்து செடிக்கொரு விதமாகக் காய்க்கும்.

நன்கு கனிந்த பழத்தைப் பிசைந்து மண் சட்டியில் ஒரு நாள் புளிக்க வைக்கவும். நம் வெப்பத்தில் இரண்டாம் நாளைத் தாண்டினால் முளை கிளம்பிவிடும். பிறகு நல்ல நீரில் அலசி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, நிழலில் துணியில் பரப்பி உலர்த்த வேண்டும். ஓர் ஏக்கருக்கு 150 கிராம் விதையும், ஒரு சென்ட் நாற்றங்காலும் போதும். கடல் காற்றின் ஈரம் விதையைச் சீக்கிரம் கெடுக்கும். இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் போட்டு, ரகத்தின் பெயர், எடுத்த மாதம், எந்தக் கிணற்றுப் பாய்ச்சல் என்பதை எழுதி ஒட்டி வையுங்கள்.