"நாலு பேர் என்ன சொல்வார்கள்?": சென்னைக்கு ஓடி வந்த 2 பெண்களும், பாடம் கேட்ட நீதிபதியும்

வீட்டை விட்டு வெளியேறிய 2 பெண்கள். மகளைக் காணோம் என்று போலீசுக்கு ஓடிய 2 குடும்பங்கள். தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால், தனக்கே இந்த விஷயம் முழுசாகப் புரியவில்லை, முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்ன ஒரு நீதிபதி.

2021-ம் ஆண்டு சென்னை ஐகோர்ட்டில் நடந்த ஒரு வழக்கு, எத்தனையோ வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு பேசப்படும் ஒரு விஷயத்தை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மதுரையைச் சேர்ந்த அந்த 2 பெண்களும் மேஜர் ஆனவர்கள். தோழிகளாகப் பழகியவர்கள் ஒருவரை ஒருவர் விரும்பத் தொடங்கினார்கள். சேர்ந்து வாழ்வது என்று முடிவு செய்தார்கள். விஷயம் இரண்டு வீட்டுக்கும் தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியது.

இருவரும் மதுரையை விட்டுப் புறப்பட்டார்கள். முன்பின் தெரியாத சென்னையில் அவர்களுக்குக் கை கொடுத்தது ஒரு தொண்டு நிறுவனம். தங்க இடமும் கிடைத்தது.

மதுரையில் இரண்டு குடும்பத்தாரும் தனித்தனியாகப் புகார் கொடுத்தார்கள். "பெண் காணவில்லை" என்று 2 வழக்குகள் பதிவாயின. போலீசார் சென்னைக்கே வந்து விசாரித்தார்கள். பயந்துபோன பெண்கள், பாதுகாப்பு கேட்டு ஐகோர்ட்டில் மனு தாக்கல் செய்தார்கள்.

பாடம் கேட்ட நீதிபதி

மனுவை விசாரித்தவர் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ். அவர் எடுத்த எடுப்பில் சட்டப் புத்தகத்தைப் புரட்டவில்லை. பெண்களையும் பெற்றோரையும் தனித்தனியாக மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அவர் கொடுத்த அறிக்கையைப் படித்தார்.

பெண்கள் தெளிவாக இருந்தார்கள். பெற்றோர் மீது அவர்களுக்குப் பாசம் குறையவில்லை. படிக்க வேண்டும், வேலை பார்க்க வேண்டும், அப்பா அம்மாவோடும் தொடர்பில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. வலுக்கட்டாயமாகப் பிரித்து விடுவார்களோ என்பதுதான் ஒரே பயம். பெற்றோர் மனம் மாறும்வரை காத்திருக்கவும் தயாராக இருந்தார்கள்.

பெற்றோர் நிலைமை வேறு. ஊரில் தலைகாட்ட முடியுமா, மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற கவலை அவர்களை அரித்தது. இப்படி ஒரு பெண்ணோடு வாழ்வதைவிட, மகள் கடைசிவரை கல்யாணமே இல்லாமல் தனியாக இருந்தாலும் பரவாயில்லை, அதுவே கவுரவம் என்றுகூட நினைத்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. நீதிபதி தானும் ஒரு மனநல நிபுணரிடம் உட்கார்ந்து பாடம் கேட்கப் போவதாக ஏப்ரல் மாதம் அறிவித்தார். இந்தத் தீர்ப்பில் வார்த்தைகள் மூளையிலிருந்து அல்ல, மனசிலிருந்து வரவேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். சொன்னபடியே பாடமும் கேட்டார்.

2021-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி உத்தரவு வந்தது. இந்த விஷயத்தை இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளாத பெரும்பான்மை மக்களில் தானும் ஒருவனாக இருந்ததை நீதிபதி அதில் மறைக்காமல் எழுதினார். தெரியாது என்பதற்காக ஒருவரை ஒதுக்குவது நியாயமாகி விடாது என்றும் சொன்னார்.

போலீசாருக்கு உத்தரவு

அந்த உத்தரவின் முக்கிய அம்சங்கள் இவை:-

"காணவில்லை" புகாரை விசாரிக்கும்போது, சம்பந்தப்பட்டவர்கள் மேஜர் ஆனவர்கள், மனசார சேர்ந்து இருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீசார் புகாரை முடித்துவிட வேண்டும். தொல்லை கொடுக்கக் கூடாது.

உதவி செய்யத் தெரிந்த தொண்டு நிறுவனங்களின் பட்டியலை மத்திய அரசு வெளியிட வேண்டும். வீட்டை விட்டு வந்தவர்களுக்குத் தங்குமிடம் கிடைக்க வழி செய்ய வேண்டும்.

"குணப்படுத்துகிறோம்" என்று சொல்லி இவர்களுக்குச் சிகிச்சை கொடுப்பதைத் தடை செய்ய வேண்டும். கொடுக்கும் டாக்டரின் லைசென்சை ரத்து செய்வது உள்பட நடவடிக்கை எடுக்க வேண்டும்.

போலீசார், பள்ளிக்கூடங்கள், பெற்றோர் எல்லோருக்கும் இதுபற்றி விளக்கிச் சொல்ல வேண்டும்.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தன. 2022-ல் தமிழக போலீசாரின் நடத்தை விதிகளில் புதிதாக ஒரு விதி சேர்ந்தது. இந்த மக்களையும், இவர்களுக்கு உதவுகிறவர்களையும் எந்தப் போலீஸ்காரரும் துன்புறுத்தக் கூடாது என்பது அந்த விதி. அதே ஆண்டு, தேசிய மருத்துவ ஆணையம் "மாற்று சிகிச்சை" கொடுப்பது டாக்டர் தொழிலுக்கு விரோதமான நடத்தை என்று அறிவித்தது.

இவர்களை எந்தப் பெயரால் குறிப்பிடுவது என்பதற்கும் அதே 2022-ல் தமிழக அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. பத்திரிகைகளில் முன்பெல்லாம் எழுதிய சொல், படுக்கையைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை. பாசம், துணை, குடித்தனம் எதுவும் அதில் கிடையாது.

வியாதியா? பழக்கமா?

பலருக்கு இன்னும் ஒரு குழப்பம் உண்டு. திருநங்கைகளையும் இவர்களையும் ஒன்றாக நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. பிறந்தபோது ஆண் என்று சொல்லப்பட்டவர் தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்ந்தால் அவர் திருநங்கை. தன்பால் ஈர்ப்பு என்பது யாரை விரும்புகிறோம் என்பது பற்றியது. ஆண் ஆணாகவே இருந்து இன்னொரு ஆணை விரும்புவார். பெண் பெண்ணாகவே இருந்து இன்னொரு பெண்ணை விரும்புவார்.

இது வியாதி அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990-ம் ஆண்டிலேயே நோய்ப் பட்டியலிலிருந்து இதை நீக்கிவிட்டது. கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்து கட்டி வைத்தால், கெடுவது ஒரு வாழ்க்கை அல்ல, இரண்டு.

இது குற்றமும் அல்ல. வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, ஆயுள் தண்டனைவரை போட இடம் கொடுத்தது. 2009-ல் டெல்லி ஐகோர்ட்டு இந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கடைசியில் 2018-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி, 5 நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு பெஞ்ச், மேஜர் ஆன இருவர் மனசார சேர்ந்து வாழ்வது குற்றமாகாது என்று ஒரே குரலில் தீர்ப்பு சொன்னது.

மெரினாவில் கூடிய கூட்டம்

சட்டம் மாறும்வரை இவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. சென்னையில் 1998-லேயே "சகோதரன்" என்ற அமைப்பு தொடங்கியது. 2003-ல் சில நண்பர்கள் வேறொரு பெயரில் தொடங்கிய குழு, பின்னால் "ஓரினம்" என்ற பெயரில் வளர்ந்தது. சம்பளம் இல்லாமல் தொண்டர்களே நடத்தும் குழு இது.

2009-ம் ஆண்டு ஜூன் மாதம் மெரினா கடற்கரையில் முதல் பேரணி நடந்தது. சிலர் முகமூடி போட்டு மறைத்தும், பலர் முகத்தைக் காட்டியும் நடந்தார்கள். அதன்பிறகு ஜூன் மாதம் வந்தால் சென்னையில் வானவில் கொடி பறப்பது வழக்கமாகி விட்டது.

ஊர்வலம் வருஷத்துக்கு ஒருநாள். மற்ற நாட்களில் நடப்பதுதான் பெரிய உதவி. ஒருவர் முதல்தடவையாக வாய் திறந்து "நான் இப்படித்தான்" என்று சொல்லும்போது, சிரிக்காமல், அதிர்ச்சி அடையாமல் கேட்க ஒரு ஆள் வேண்டும். அதே பாதையில் ஏற்கனவே நடந்து வந்தவர் அந்த ஆளாக இருந்தால் பாதி பாரம் இறங்கிவிடும். நல்ல வக்கீல் யார், திட்டாத டாக்டர் யார், ராத்திரி தங்க இடம் எங்கே என்பதையும் அவரே சொல்வார்.

பெற்றோருக்கும் அப்படித்தான். மகன் சொன்னதைக் கேட்டு இடிந்துபோன அம்மாவுக்கு, டாக்டர் சொல்வதைவிட இன்னொரு அம்மா சொல்வது காதில் ஏறும். 377-வது பிரிவு வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் நடந்தபோது, பெற்ற பிள்ளைகளுக்கு ஆதரவாகப் பெற்றோர் சிலரே சேர்ந்து கோர்ட்டு படி ஏறினார்கள்.

"தேர்ந்தெடுத்த குடும்பம்"

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மதுரைப் பெண்கள் வழக்கில் உத்தரவு வந்து 4 வருஷம் கழித்து, 2025-ம் ஆண்டு மே மாதம் அதே ஐகோர்ட்டில் ஒரு ஆட்கொணர்வு மனு வந்தது.

25 வயதுப் பெண் ஒருவரைக் குடும்பத்தார் வலுக்கட்டாயமாக வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அவரை மீட்டுத் தரும்படி மனு போட்டவர் அவருடைய தோழி. தன்னை அடித்ததாகவும், "சரியாக" வேண்டும் என்று சடங்குகள் செய்ததாகவும் அந்தப் பெண் நீதிபதிகளிடம் சொன்னார். உதவி கேட்டபோது போலீசார் காப்பாற்றாமல் பெற்றோருடனேயே அனுப்பி வைத்ததும் தெரிய வந்தது. அதாவது 2022-ல் புது விதி வந்தபிறகும் இந்தக் கதி!

நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் ஆகியோர் போலீசாரைக் கண்டித்தார்கள். அந்தப் பெண் விரும்பியபடி போகலாம் என்று விடுதலை செய்தார்கள். குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, தானே தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று தீர்ப்பில் சொன்னார்கள்.

பெண்ணின் தாயாருக்கும் புத்தி சொல்லிப் பார்த்ததாகவும், பலன் இல்லை என்றும் தீர்ப்பில் இருக்கிறது. எல்லாப் பெற்றோரும் நீதிபதி லைலா சேத் போல இருப்பதில்லை என்று அவர்கள் குறிப்பிட்டார்கள். லைலா சேத், இந்தியாவில் ஒரு ஐகோர்ட்டின் தலைமை நீதிபதியான முதல் பெண். 2013-ம் ஆண்டு தீர்ப்பு வந்தபோது, எழுத்தாளரான தன் மகன் விக்ரம் சேத்துக்காகத் தாய் என்ற முறையில் பகிரங்கமாக எழுதியவர்.

பாங்கி, ரேஷன், ஆஸ்பத்திரி

கல்யாணத்துக்குச் சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. 2023-ம் ஆண்டு அக்டோபர் 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, அது பாராளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது.

ஆனாலும் அன்றாட வாழ்க்கையில் சில கதவுகள் திறந்திருக்கின்றன. ஜோடியாக வாழ்பவர்கள் பாங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும், ஒருவர் மற்றவரை வாரிசுதாரராக நியமிக்கவும் தடை இல்லை என்று மத்திய நிதித்துறை 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அறிவித்தது. ரேஷன் கார்டுக்கு இவர்களை ஒரே குடும்பமாகக் கருதவேண்டும் என்றும், ஒருவர் இறந்தால் நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணையாக வாழ்ந்தவர் உடலைப் பெற்றுக்கொள்ள வழி செய்யவேண்டும் என்றும் மாநில அரசுகளுக்கு அதே ஆண்டு கடிதம் போனது.

கடிதம் வந்துவிட்டது. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா அதைப் படித்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

அந்த நாலு பேர் யார்?

இரண்டு வழக்கிலும் சட்டம் பெண்கள் பக்கம் நின்றது. ஆனால் கோர்ட்டு வாசல்வரை அவர்கள் வந்து சேர்ந்ததே, நடுவில் யாரோ கை கொடுத்ததால்தான். முதல் வழக்கில் ஒரு தொண்டு நிறுவனம். இரண்டாவது வழக்கில் ஒரு தோழி. அந்தக் கை இல்லாதவர்கள் எத்தனை பேர் வீட்டுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டு இருக்கிறார்களோ!

பெற்றோரை ஆட்டிப் படைப்பது சட்டம் அல்ல. "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்ற ஒரே கேள்விதான். அந்த நாலு பேர் வேறு யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர், மளிகைக் கடைக்காரர், கல்யாண வீட்டில் "பையனுக்கு இன்னும் பார்க்கலையா?" என்று விசாரிக்கும் சித்தப்பா, இவர்கள்தான்.

இந்த நாலு பேரும் பெரிய தியாகம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆபீசில் நடக்கும் கேலிப் பேச்சில் சேராமல் இருந்தால் போதும். பிள்ளை சொன்னதை ஊரெல்லாம் பரப்பாமல் இருந்தால் போதும். 2 பெண்கள் வாடகைக்கு வீடு கேட்டு வந்தால், வேறு எதையும் துருவாமல், அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் சொன்னால் போதும்.