அறிவியல் செய்தியை நம்பலாமா? மாணவர்களுக்குத் தேவைப்படும் சோதனைப் பயிற்சி

புதுடெல்லி: புதிய கொரோனா வைரஸின் புரதத்தில் எச்.ஐ.வி.யை ஒத்த நான்கு பகுதிகள் இருப்பதாக டெல்லி ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை, 2020 ஜனவரி 31 அன்று பயோஆர்க்கைவ் இணையதளத்தில் வெளியானது. வைரஸ் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது என்ற பேச்சு சமூக ஊடகங்களில் வேகமாகப் பரவியது. ஆனால், ஒப்பிடப்பட்ட பகுதிகள் மிகச் சிறியவை. அவற்றைப் போன்றவை வேறு பல உயிரினங்களிலும் காணப்படுபவை. இதனைப் பிற விஞ்ஞானிகள் சுட்டிக்காட்டியதையடுத்து, பிப்ரவரி 2 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

பயோஆர்க்கைவ், முன்பதிப்புகளை வெளியிடும் தளம். அதாவது, துறை வல்லுநர்களின் மதிப்பாய்வுக்கு உட்படுத்தப்படாத கட்டுரைகளே அங்கு இடம்பெறுகின்றன. இந்த ஒரு விவரம் தெரிந்திருந்தால் பலர் அச்செய்தியைப் பகிர்ந்திருக்க மாட்டார்கள்.

மதிப்பாய்வு நடந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து கொரோனா நோயாளிகளின் உயிருக்கு ஆபத்து என்று, சுமார் 96 ஆயிரம் பேரின் தரவுகளைக் காட்டி 'தி லான்செட்' இதழ் 2020 மே 22 அன்று கட்டுரை வெளியிட்டது. உலக சுகாதார அமைப்பு அம்மருந்தின் பரிசோதனையைத் தற்காலிகமாக நிறுத்தியது. மூலத் தரவுகளைத் தணிக்கைக்கு அளிக்க சர்ஜிஸ்பியர் நிறுவனம் மறுத்ததால், ஜூன் 4 அன்று அக்கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது.

பிஎச்.டி. மாணவர்களுக்கு ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் குறித்த 2 கிரெடிட் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-ல் கட்டாயமாக்கியது. போலி ஆய்விதழ்களை அடையாளம் காண்பதும் அதில் உண்டு. நல்ல முயற்சிதான், ஆனால் இளங்கலை மாணவர்களுக்கு அது எட்டுவதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவச் செய்தியை வீட்டாருக்கு விளக்க வேண்டியவர்கள் பெரும்பாலும் அவர்களே.

அவர்களுக்கு ஏற்ற எளிய முறையை அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வு 2017-ல் சுட்டிக்காட்டியது. அறிமுகமில்லாத இணையதளத்தை மதிப்பிடுகையில், வரலாற்றுப் பேராசிரியர்களும் மாணவர்களும் அதே பக்கத்தின் தோற்றத்தையும் இலச்சினையையும் பார்த்து ஏமாந்தனர். தொழில்முறை செய்திச் சரிபார்ப்பாளர்களோ உடனே அப்பக்கத்தை விட்டு வெளியேறி, அதை நடத்துபவர் யார், பிறர் என்ன கூறுகின்றனர் என்று தேடினர். பேராசிரியர்களும் தவறியதுதான் இதில் கவனிக்கத்தக்கது.

அறிவியல் செய்திக்கும் இதே வழி பொருந்தும். மூலக் கட்டுரை எங்கே வெளியானது, ஆய்வு மனிதர்களிடமா எலிகளிடமா நடந்தது, எத்தனை பேரிடம், யார் நிதியில் என்பவற்றை வேறு பக்கங்களில் தேட வேண்டும். கட்டுரை திரும்பப் பெறப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். டெல்லி ஆய்வாளர்களின் கட்டுரைப் பக்கம் இன்றும் பயோஆர்க்கைவ் தளத்தில் உள்ளது, திரும்பப் பெறப்பட்டது என்ற அறிவிப்புடன்.