எடைமேடையில் தொடங்கும் வீடு

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் நெடுஞ்சாலையில், ஏறக்குறைய பாதி வழியில் இருக்கிறது கிளியனூர். சனி ஞாயிறு வந்தால் சென்னை வண்டிகள் இந்த ஊரை ஒரு நிமிடத்தில் கடந்து கடற்கரைக்குப் பறக்கும். ஒரு பக்கம் திருவக்கரை கல்மரப் பூங்கா, இன்னொரு பக்கம் 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி, சற்றுத் தள்ளி செஞ்சிக்கோட்டை என்று நிதானமாகப் பார்க்க இங்கே நிறைய இருக்கிறது. கழுவெளியில் பொழுது விடியும்போது பறவை பார்க்க வேண்டுமென்றால் முந்தின இரவே பக்கத்தில் போய்த் தங்கிவிடுவது நல்லது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த்தொட்டி எல்லாம் உள்ளேயே பொருத்திய கேம்பர் வேன் மீது பலருக்கு ஆசை வருவது இப்படித்தான்.

நம் நாட்டுக்கு இது புதிதும் அல்ல. 1982-இல் என்.டி.ராமராவ் ஒரு பழைய செவ்ரோலே வேனை மாற்றியமைத்து, அதிலேயே தங்கி ஆந்திரம் முழுக்கப் பிரசாரம் செய்தார். பக்கத்திலிருக்கும் ஆரோவில்லுக்கே 1969-இல் பிரான்சிலிருந்து ஒரு குழு தரைவழியாக வண்டிகளில் வந்து சேர்ந்தது. 2022-இல் மகிந்திரா நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த கேம்பர்வேன் ஃபேக்டரியோடு கைகோத்து, பொலேரோ பிக்கப்பில் கேம்பர் கட்டப்போவதாக அறிவித்தது. வெறும் சேசிஸ் மேல் பாடி கட்டுவதில் கரூர் பட்டறைகளுக்கு இருக்கும் பேரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கைத்திறனுக்குக் குறைவில்லாத மாநிலம் இது. சறுக்கல் நேர்வது பெரும்பாலும் அதற்கு முன்னால், காகிதத்தில் கணக்குப் போடாமல் பட்டறைக்குப் போவதில்தான்.

முதல் கணக்கு சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை நம் விருப்பத்துக்கு மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே சமயம் ‘மோட்டார் கேரவன்’ என்று ஒரு வகையே விதிகளில் உண்டு. அதற்கான தரநிலை ஏ.ஐ.எஸ். 124. இருக்கையும் மேசையும், படுக்கை, சமையல் வசதி, பொருள் வைக்கும் இடம் ஆகியவை வண்டிக்குள் அசையாதபடி பொருத்தப்பட்டிருக்க வேண்டும். மேசையை மட்டும் கழற்றி மாட்டலாம். ஆகவே வண்டி வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். கட்டப்போகும் பட்டறையிடம் கேரவனுக்கான ஒப்புதல் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஆர்.சி.யில் ஏறாத மாற்றத்தோடு ஓடும் வண்டிக்கு விபத்து நேர்ந்தால் காப்பீட்டுப் பணமும் கேள்விக்குறிதான்.

அடுத்தது எடை. என் கருத்தில் இதுதான் திட்டத்தின் உயிர். ஒவ்வொரு வண்டிக்கும் சுமையோடு சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்று தயாரிப்பாளர் வரையறுத்திருப்பார். அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதே உங்கள் கையிருப்பு. பலகை, தண்ணீர், பாத்திரம், துணிமணி, ஆட்கள் எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும்.

வீட்டு வேலை செய்து பழகிய ஆசாரி அலமாரிக்கு 19 மில்லிமீட்டர் பிளைவுட்டைத்தான் எடுப்பார். எட்டடிக்கு நாலடி பலகை ஒன்று ஏறக்குறைய 35 கிலோ. கட்டில், சமையல் மேடை, மேல் அலமாரி எல்லாம் சேர்த்து ஆறு பலகை போனால் 210 கிலோ. ஆள் ஏறும் முன்பே மூன்று பேர் ஏறிவிட்டார்கள். அதையே அலுமினியச் சட்டத்தில் 9 மில்லிமீட்டர் பலகை வைத்துச் செய்தால் பலகையின் எடை பாதிக்கும் கீழே இறங்கும். இன்னொன்று: வீட்டு அலமாரி நின்ற இடத்தில் நிற்கிறது, வண்டி அலமாரி நாளெல்லாம் குலுங்குகிறது. ஆணியும் பசையும் மட்டும் போட்ட மூட்டு சில மாதங்களில் ஆடத் தொடங்கும். எல்-ஆங்கிள் வைத்து, தானாகக் கழலாத நைலாக் நட்டுப் போட்டு முடுக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் கணக்கு எளிது: ஒரு லிட்டர் ஒரு கிலோ. இரண்டு பேர் குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, சிக்கனமாகக் குளிக்க நாளுக்கு 40 லிட்டர் வைத்தால் இரண்டு நாளுக்கு 80 கிலோ. இந்தத் தொட்டியைப் பின்கோடியில் ஓர் ஓரமாக வைத்தால் வண்டி பின்னால் அமுங்கும், முன்சக்கரத்தின் பிடிப்புக் குறையும், வளைவில் ஒரு பக்கம் சாயும். கனமானவை எல்லாம் தாழ்வாக, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில், இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும்.

திருவக்கரைப் பக்கம் ஜல்லி லாரிகளுக்காக எடைமேடைகள் உண்டு. வாங்கிய வண்டியை அங்கே கொண்டுபோய் முழு எடை ஒரு தடவை, முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு தடவை எடுத்தால், முன் அச்சில் எவ்வளவு, பின் அச்சில் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதை அடிப்படையாக வைத்துத்தான் உள்ளமைப்புக்குப் படம் வரைய வேண்டும்.

மின்சாரத்துக்கு வருவோம். 12 வோல்ட் குளிர்பெட்டி நம் வெயிலில் நாளுக்கு அரை யூனிட் இழுக்கும். 30 வாட் மின்விசிறி பத்து மணி நேரம் ஓடினால் 0.3 யூனிட். விளக்கு, செல்போன், லேப்டாப்புக்கு 0.2. ஆக ஒரு நாளைக்கு ஒரு யூனிட். 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 1.28 யூனிட் சேமிக்கலாம். எடை சுமார் 12 கிலோ. வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியோ ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும். ஆயுள் குறையாமல் அதில் பாதியளவு மின்சாரத்தைத்தான் எடுக்கலாம். கூரையில் 400 வாட் சோலார் பலகை போட்டால், படுக்கை வசமாக இருப்பதும் தூசும் சூடும் கழித்து, நல்ல வெயில் நாளில் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேலே கிடைக்கும். ஏ.சி. வேண்டும் என்றால் கணக்கே வேறு. ஒரு டன் ஏ.சி. இரவு முழுக்க ஓடினால் நான்கு யூனிட் போய்விடும். பேட்டரியை நம்பி அதைத் திட்டமிட வேண்டாம். வெளி இணைப்புக் கிடைக்கும் இடத்துக்கென்று ஒரு பிளக் வைத்துக்கொள்ளலாம்.

வெயில் என்று வரும்போதுதான் குளிர்நாட்டுக் கேம்பர் வேன்களின் வரைபடங்கள் நம்மைக் கைவிடுகின்றன. அங்கே உள்ளிருக்கும் சூட்டைக் காப்பது கவலை; விழுப்புரம் மாவட்டத்துக் கத்திரி வெயிலில் அதை வெளியேற்றுவதுதான் கவலை. தகரக் கூரை வெயிலில் காய்ந்து உள்ளே அனலைக் கக்கும். கூரைக்கு வெள்ளைப் பெயிண்ட், தகரத்தோடு ஒட்டி நைட்ரைல் ரப்பர் தகடு, மேலே காற்றை இழுத்து வெளியே தள்ளும் விசிறி, நிழல் பக்கம் தாழ்வாக ஒரு சன்னல் என்று வைத்தால் கீழே நுழையும் காற்று சூட்டை மேலே துரத்திவிடும். ஆனால் சோலாருக்கு வெயில் வேண்டும், ஆளுக்கு நிழல் வேண்டும். ஒரே மரத்தடியில் இரண்டும் கிடைக்காது. பலகையைக் கூரையோடு ஒட்டாமல் மூன்று நான்கு அங்குலம் தூக்கி மாட்டினால் அதுவே கூரைக்கு நிழலாகும். நடுவில் காற்று ஓடுவதால் பலகையும் குளிர்ந்து கூடுதல் மின்சாரம் தரும். அந்த நாலு அங்குலத்தையும் வண்டியின் மொத்த உயரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் சிறிய சிலிண்டரானாலும் தனிப் பெட்டியில் வைத்து, பெட்டியின் அடியிலிருந்து வண்டிக்கு வெளியே திறக்கும் துளை விட வேண்டும். படுக்கைக்குக் கீழே சிலிண்டர் வைக்கும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

நிறம், திரைச்சீலை, டி.வி. எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் எழுதியானபின் நெல் காயவைக்கும் சிமெண்டுக் களத்துக்குப் போய், வண்டியின் உள்தரையைச் சாக்பீஸால் உள்ளபடி அதே அளவில் வரையுங்கள். சக்கர மேடு, கதவு, கட்டில், அடுப்பு எல்லாம் கோடாகட்டும். இரண்டு பேர் அதற்குள் நின்று, ஒருவர் சமைக்க மற்றவர் படுக்கையிலிருந்து எழுந்து கதவுக்குப் போய்ப் பாருங்கள். கட்டிலுக்கு ஆறடி நீளம் விட்டால் மேடைக்கு எவ்வளவு மிஞ்சுகிறது, குனிந்து குளிர்பெட்டியைத் திறக்க இடம் இருக்கிறதா என்பதெல்லாம் காகிதத்தில் தெரியாது, களத்தில் தெரியும். இடிக்கும் கோட்டை அழித்து மாற்றி வரைய இங்கே செலவில்லை. மாற்றங்கள் ஓய்ந்தபிறகு அளவுகளைக் குறித்து, ஒவ்வொரு பொருளின் எதிரிலும் அதன் எடையை எழுதி, எடைமேடைச் சீட்டோடு சேர்த்துப் பட்டறைக்காரரிடம் கொடுங்கள். கூட்டுத்தொகை கையிருப்பைத் தாண்டினால் எதைக் கழிப்பது என்று வெல்டிங் தொடங்கும் முன்பே அவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம்.