நூற்றைம்பது கிலோமீட்டரும் அதன் பின் வரும் இரவும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். இன்சுலின் செலுத்திக்கொள்ளும் ஒருவர் ஒரே பகலில் இத்தொலைவை மிதிவண்டியில் கடக்கலாமா என்று எங்கள் புறநோயாளர் பிரிவில் கேட்கப்படுவதுண்டு. கடக்கலாம். ஆனால் பல மாதப் பயிற்சியும், இதயம், விழித்திரை, பாதம் ஆகியவற்றின் பரிசோதனையும், மருத்துவரின் இசைவும் முன்னதாகவே வேண்டும்.

மிதிக்கும்போது தொடைத் தசைகள் இன்சுலினின் துணையின்றியே இரத்தத்திலுள்ள குளுக்கோஸை உள்ளிழுக்கின்றன. ஊசிவழிச் சென்ற இன்சுலினும் உடன் செயல்படுவதால் சர்க்கரை விரைந்து இறங்குகிறது. உழைக்கும் தொடையிலிருந்து மருந்து வேகமாக இரத்தத்தில் கலக்கும் என்பதால், அன்று காலை ஊசியை வயிற்றில் போடுவதே நன்று. அளவை எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் மருத்துவரே கூற வேண்டும். நண்பரின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது.

புறப்படும்முன் சர்க்கரை 90 மி.கி.க்குக் கீழிருந்தால் முதலில் உண்ண வேண்டும். 250க்கு மேலிருந்து கீட்டோனும் காணப்பட்டால் அன்றைய பயணத்தைக் கைவிட வேண்டும். மாமல்லபுரத்தில் சிற்றுண்டிக்கு நிற்கையில் மீண்டும் பார்த்துக்கொள்ளலாம்.

நண்பகலில் மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிச் செல்லும்போது நிழல் அரிது. வியர்வையும் நடுக்கமும் வெயிலால் வந்தவை என்று எண்ணத் தோன்றும். சர்க்கரை தாழ்ந்தாலும் அதே அறிகுறிகள்தாம். ஆகவே ஐயம் எழுந்தவுடன் வண்டியை நிறுத்திச் சோதியுங்கள். 70க்குக் கீழென்றால் 15 கிராம் குளுக்கோஸை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். கடலை மிட்டாய் வழியுணவாக நல்லதே. ஆனால் அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துவதால் இவ்வேளைக்கு உதவாது. இன்சுலின் பேனாவை வெயில் படும் பையில் வைக்காதீர்கள்.

அண்மையில் ஒருவருடன் வந்திருந்த அவர் மனைவி, "சாலையில் கூட்டாளிகள் இருப்பார்கள் டாக்டர், இராத்திரி விடுதியில் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார். நாங்கள் சொல்லத் தொடங்கியிருக்க வேண்டிய இடம் அதுதான். பகலில் செலவான சேமிப்பைத் தசைகள் 24 மணி நேரம் வரை இரத்தத்திலிருந்து நிரப்பிக்கொள்ளும். உறக்கத்தில் சர்க்கரை வீழ்ந்தால் நோயாளி அறியாமலே போகலாம். படுக்கும்முன் ஒருமுறையும், அலாரம் வைத்துப் பின்னிரவு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறையும் சோதிக்க வேண்டும். இரவுநேர இன்சுலின் அளவையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அன்று மது கூடாது. அது கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவதைத் தடுக்கும்.

உடன் தங்குபவர் கவனிக்க வேண்டியவை: உடை நனையும் வியர்வை, பொருந்தாப் பேச்சு, எழுப்பியும் எழாமை. நினைவிழந்தவர் வாயில் சர்க்கரையோ நீரோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். ஒருக்களித்துக் கிடத்தி 108ஐ அழையுங்கள்.

அடுத்த முறை வந்தபோது அவர் தம் அறைத்தோழரையும் அழைத்து வந்தார். குளுக்கோமீட்டரைக் கையாள எங்கள் செவிலியர் இருவருக்கும் கற்றுக்கொடுத்தார்.