திங்கட்கிழமை விரல்கள்

"வீட்டுல வாசிக்கும்போது சரியாத்தான் வந்துச்சு மிஸ்."

நாற்பது வயதுக்கு மேல் பியானோ கற்கப் போகிற யாரும் சொல்லாமல் தப்பிக்க முடியாத வாக்கியம் இது. நானும் சொல்லியிருக்கிறேன். மிஸ்ஸுக்கு என்னைவிட இருபது வயது குறைவு. எனக்கு முந்தைய பாடத்தை முடித்துவிட்டுப் போகிற பையன் ஐந்தாம் வகுப்பு. அவன் தப்பாக வாசித்தால் ஒரு சிரிப்போடு அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறான். எனக்கோ காது சிவந்துபோகிறது. முந்தைய இரவு ஹெட்போன் மாட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் வாசித்து, கடைசி மூன்று தடவை பிசகே இல்லாமல் முடித்துவிட்டுப் படுக்கப்போன அதே கைதான், மறுநாள் மாலை இரண்டாவது வரியிலேயே தடுக்கி நிற்கிறது. நான் சொன்னது பொய் இல்லை. நேற்று வந்தது உண்மை, இன்று வராததும் உண்மை. இதில் எதை நம்பி நாம் தேறுகிறோமா என்று முடிவு கட்டுவது?

இந்தக் கேள்விக்கு ஆய்வகத்தில் கிடைத்த விடைகளில் எனக்குப் பிடித்தது, பியானோவை வைத்தே கிடைத்த ஒன்று. அமெரிக்காவில் அல்வாரோ பாஸ்குவால் லியோனே என்ற நரம்பியலாளரும் அவருடைய குழுவினரும் செய்து 1995இல் வெளியிட்ட ஆய்வு அது. பியானோ வாசித்துப் பழக்கமில்லாத பெரியவர்களைக் கூப்பிட்டு, கணினியோடு இணைத்த மின்னணு பியானோ முன் உட்காரவைத்தார்கள். ஒரே கை. கட்டைவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை போய், வந்த வழியே திரும்ப வேண்டும். நம் கணக்கில் ஸ ரி க ம ப ம க ரி. மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டு தட்டும். தினம் 2 மணி நேரம், 5 நாள்.

கூடவே மூளையையும் அளந்தார்கள். தலைக்கு மேல் ஒரு கம்பிச்சுருளை வைத்துக் காந்தத் துடிப்பு கொடுத்தால், அந்த இடத்துக்குக் கீழே உள்ள மூளைப்பகுதி எந்த விரலை அசைக்கிறது என்று தெரிந்துவிடும். அப்படிப் புள்ளி புள்ளியாக வரைந்த படத்தில், விரல் தசைகளுக்கான பகுதி நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டே போனது. விரலை அசைக்காமல், பியானோ முன் உட்கார்ந்து வாசிப்பதாகக் கற்பனை மட்டும் செய்த இன்னொரு குழுவுக்கும் ஏறத்தாழ அதே அளவு அகலமானது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டது இந்தச் செய்தியைத்தான். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின் நடந்தது.

முதல் வாரம் முடிந்ததும் சிலரைப் பயிற்சியை நிறுத்தச் சொன்னார்கள். ஒரே வாரத்தில் அவர்களுடைய படம் பழைய அளவுக்குச் சுருங்கிவிட்டது. மற்றவர்கள் இன்னும் 4 வாரம் தொடர்ந்தார்கள். அவர்களை வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்த கையோடு ஒரு முறையும், சனி ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு திங்கட்கிழமை கட்டையில் கை வைக்கும் முன் ஒரு முறையும் அளந்தார்கள். வெள்ளிக்கிழமைப் படம் முதலில் மளமளவென்று வீங்கி, பிறகு மெல்லச் சுருங்கத் தொடங்கியது. அப்போதும் வாசிப்பு தேறிக்கொண்டுதான் இருந்தது. திங்கட்கிழமைப் படமோ முதலில் அசைந்தே கொடுக்கவில்லை. பிறகு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது.

கட்டடம் கட்டும் இடத்தில் முதலில் கண்ணில் படுவது சாரம். சுவர் அதற்குள் ஒளிந்துகொண்டு மெதுவாக எழும்பும். வெள்ளிக்கிழமை தெரிவது சாரம் என்று வைத்துக்கொண்டால் மிஸ்ஸுக்கும் எனக்கும் நடக்கும் வழக்கு தீர்ந்துவிடுகிறது. நான் சொல்வது வெள்ளிக்கிழமைக் கையைப் பற்றி. அவர் கேட்பது திங்கட்கிழமைக் கையை.

உளவியலில் இதற்கு நெடுநாளாகவே ஒரு பிரிவினை உண்டு. இந்த நிமிடம் செய்துகாட்ட முடிவது ஒன்று, உள்ளே தங்கியது வேறு. முன்னதை வைத்துப் பின்னதை அளக்காதே என்று அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பியார்க் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார். விபரீதம் என்னவென்றால், சில நேரம் இவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும். 1979இல் ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும், சின்னச் சின்ன மரத்தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் கையால் தட்டி வீழ்த்தும் மூன்று வேலைகளைச் சிலருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனவர்கள் பயிற்சியின்போது வேகமாகத் தேறினார்கள். மூன்றையும் கலந்துகட்டிச் செய்தவர்கள் திணறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தால், திணறியவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரே வரியை இருபது தடவை வாசித்துவிட்டு "வந்துடுச்சு" என்று எழுந்திருப்பது எவ்வளவு சுகம்! அந்தச் சுகத்தைத்தான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

நம் மனநிறைவே நம்பத்தகாத சாட்சி என்பதற்கு இதைவிட வேடிக்கையான ஆதாரம் பிரிட்டிஷ் தபால்காரர்களிடம் இருக்கிறது. கடிதம் பிரிக்கும் இயந்திரங்களுக்காக அவர்கள் தட்டச்சு பழக வேண்டிவந்தது. ஆலன் பேட்லி, லாங்மன் என்ற ஆய்வாளர்கள் அவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு தினம் ஒரே ஒரு மணி நேரம் பழகியது. இன்னொன்று தினம் இரண்டு வேளை, வேளைக்கு 2 மணி நேரம். விசைகளைக் கற்க முதல் குழுவுக்கு மொத்தம் சுமார் 35 மணி நேரம் போதுமானதாக இருந்தது. நாலு மணி நேரக்காரர்களுக்கு 50 ஆனது. ஆனால் 1978இல் வெளியான அந்த ஆய்வில், தங்கள் பயிற்சி பற்றி அதிகம் அலுத்துக்கொண்டவர்கள் யார் என்று பார்த்தால், அந்த ஒரு மணி நேரக்காரர்களேதான். நாள்காட்டியைப் பார்த்தால் சக தபால்காரர்கள் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்களே!

அலுவலகம் முடிந்து வந்து அரை மணி நேரம் வாசிக்கிற நடுவயதுக்காரர் அச்சாக அந்த ஒரு மணி நேரத் தபால்காரர்தான். அவருக்குக் கூடுதலாக ஒரு தொல்லை, காது. ஐந்தாம் வகுப்புப் பையனுக்குக் கையும் காதும் சேர்ந்து வளர்கின்றன. நமக்கோ காதுக்கு நாற்பது வருட அனுபவம், கைக்கு நாலு மாதம். இளையராஜாவின் பியானோத் துணுக்குகளை மனப்பாடமாக வைத்திருக்கும் காது, தன் கை ஒரு நர்சரிப் பாட்டைத் தட்டுவதைக் கேட்டால் என்ன தீர்ப்புச் சொல்லும்? போதாததற்கு, எதிலும் தேர்ச்சி பெறப் பத்தாயிரம் மணி நேரம் வேண்டும் என்ற பூச்சாண்டி. 1993இல் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனின் குழு பெர்லின் இசைக் கல்லூரியின் தலைசிறந்த வயலின் மாணவர்களைப் பற்றிச் சொன்ன ஒரு சராசரி அது; 20 வயதில் அவர்கள் எட்டியிருந்த கணக்கு. எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல்லின் புத்தகம் அதை எல்லோருக்குமான விதியாக ஆக்கிவிட்டது என்று எரிக்சனே பின்னால் குறைப்பட்டுக்கொண்டார். தினம் அரை மணி நேரம் என்றால் பத்தாயிரத்தை முடிக்க ஏறத்தாழ 55 வருடம். நாற்பத்தைந்தில் தொடங்கினால் நூறாவது பிறந்தநாளுக்குக் கச்சேரி.

இனி, வாரக்கணக்கில் ஒன்றுமே நகராத மாதிரி இருக்கும் காலம். இதை முதலில் படம் போட்டுக் காட்டியவர்கள் தந்தி ஆய்வாளர்கள். அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த வில்லியம் பிரையன், நோபிள் ஹார்ட்டர் இருவரும் தந்தி பழகுகிறவர்கள் நிமிடத்துக்கு எத்தனை எழுத்து அனுப்புகிறார்கள், எத்தனை எழுத்து வாங்குகிறார்கள் என்று வாரந்தோறும் அளந்து 1897இலும் 1899இலும் வெளியிட்டார்கள். அனுப்பும் வேகம் சீராக ஏறியது. வாங்கும் வேகம் கொஞ்சம் ஏறி, பல வாரம் சமதரையாகக் கிடந்து, பிறகு திடீரென்று எழும்பியது. முதலில் எழுத்து எழுத்தாகக் கேட்கும் காது சொல் சொல்லாகக் கேட்கப் பழகும் இடைவெளிதான் அந்தச் சமதரை என்பது அவர்களின் விளக்கம். பின்னால் வந்தவர்களுக்கு அந்தச் சமதரை ஒவ்வொரு முறையும் கிடைக்கவில்லை. அது வெறும் மாயை என்று 1958இல் உளவியலாளர் பிரெட் கெல்லர் கட்டுரையே எழுதினார். ஆகவே "ஒண்ணும் நகரலை, அப்படின்னா உள்ளே ஏதோ பெருசா நடக்குது" என்று சோம்பேறித்தனத்துக்கு யாரும் சான்றிதழ் வாங்கிக்கொள்ள வேண்டாம். ஆனால் எழுத்திலிருந்து சொல்லுக்குப் போவது பியானோவிலும் உண்மை. ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்தோமே, அதேதான். 1974இல் உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா, இசைக்கலைஞர்கள் தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருக்கும்போதே அதைக் கண்ணிலிருந்து மறைத்துப் பார்த்தார். தேர்ந்தவர்கள் மறைத்த பிறகும் ஆறேழு சுரம் வரை சரியாக வாசித்தார்கள். தேறாதவர்கள் மூன்று நான்கில் நின்றார்கள். கண் கைக்கு எவ்வளவு முன்னால் ஓடுகிறது என்பதும் ஓர் அளவுகோல். அதை வீட்டில் ஒரு போஸ்ட் கார்டை வைத்து மறைத்தே பார்த்துவிடலாம், மறைக்க வேறொரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

தப்புகளை எண்ணலாமா? எண்ணிக்கையைவிட, அவற்றை என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக்கும் கூட்டாளிகளும் 17 பியானோ மாணவர்களிடம் ஷோஸ்டகோவிச்சின் கன்சர்ட்டோ ஒன்றிலிருந்து ஒரு சிறு பகுதியைக் கொடுத்து, போதும் என்று தோன்றும்வரை பழகச் சொன்னார்கள். மறுநாள் மீண்டும் வாசிக்கவைத்துத் தரவரிசை போட்டார்கள். சிலர் பத்து நிமிடத்துக்குள் எழுந்தவர்கள், சிலர் ஒரு மணி நேரத்தைத் தொட்டவர்கள். மறுநாள் தரவரிசைக்கும் அந்த நேரத்துக்கும் தொடர்பே இல்லை. 2009இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது என் நாற்பது நிமிடங்களை நினைத்துக் கொஞ்சம் வருந்தினேன். முதலிடங்களில் வந்த மூவரும் ஆரம்பத்தில் மற்றவர்களைப் போலத் தப்பு செய்தவர்கள்தான். ஆனால் தடுக்கும் இடத்தை அந்தப் பகுதிக்குள் தேடிக் கண்டுபிடித்தார்கள், அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தார்கள், அது சரியாகிற வரை விடவில்லை. நான் என்ன செய்கிறேன்? தடுக்கியதும் முதல் வரிக்கு ஓடிப்போய், தெரிந்ததையே மறுபடி அழகாக வாசிக்கிறேன். முதல் வரியில் எனக்கு நிகர் யாருமில்லை.

தேர்வு எழுதித் தெரிந்துகொள்ளலாமே என்பார்கள். கிரேடு தேர்வுகளை நான் குறைசொல்ல மாட்டேன். நடுங்கும் கையோடு அந்நியர் ஒருவர் முன் வாசிப்பதும் ஒரு திறமைதான். ஆனால் லண்டனின் ஏபிஆர்எஸ்எம் இசைத் தேர்வு வாரியத்தின் நேரடித் தேர்வை எடுத்துக்கொண்டால், 150 மதிப்பெண்ணில் 90, முன்கூட்டியே தயார்செய்த மூன்று இசைத்துண்டுகளுக்கு. தேர்ச்சிக்கு 100 வேண்டும். வருடம் முழுக்க அந்த மூன்றையே தேய்த்துத் தேர்ச்சி பெற்றுவிட்டு, நாலாவதைக் கொடுத்தால் விழிக்கிறவர்கள் உண்டு. அதே அளவு கடினமுள்ள புதிய துண்டு ஒன்று கைக்கு வர போன வருடம் எத்தனை நாள் ஆயிற்று, இந்த வருடம் எத்தனை நாள் ஆகிறது? இந்தக் கணக்குதான் எனக்கு நேர்மையானதாகப் படுகிறது.

இன்னொன்று பழசைத் தூசுதட்டுவது. 1885இல் வெளியான தன் ஆய்வுக்காக ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன் மறதியைத் தானே அளந்தார். சோதனைக்கு எலியும் அவரே, எஜமானும் அவரே. மறந்துபோன பட்டியலை மறுபடி படிக்க முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்த்தார். நினைவில் துளியும் இல்லை என்று நினைத்த பட்டியலிலும் மிச்சம் கிடைத்தது. மூன்று மாதம் முன்பு கைவிட்ட பாடத்தைத் திறந்தால் முதலில் கை பிடிக்காது, மனம் உடைந்துபோகும். அன்றே மூடிவிடாமல், பழைய இடத்துக்கு வந்துசேர எத்தனை நாள் என்று குறித்துவைத்தால் தெரியும், மூன்று வாரம் பிடித்தது மூன்றே நாளில் திரும்பியிருக்கும்.

நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். திங்கட்கிழமை காலை, காபிக்கு முன், கை சூடேறுவதற்குள் ஒரே ஒரு தடவை வாசித்துப் போனில் பதிவுசெய்வது. திரும்ப வாசிக்கக் கூடாது, அழிக்கவும் கூடாது. மார்ச் மாதப் பதிவில், இடது கையின் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழையும் இடத்தில் மூன்று முறை நிற்கிறேன். செப்டம்பரில் அந்த இடம் வந்துபோனதே தெரியவில்லை. நான்கு வரி தள்ளி வேறோர் இடத்தில் தடுக்குகிறது. இரண்டிலும் பின்னணியில் சமையலறைச் சத்தம் தாராளமாக விழுந்திருக்கிறது. போன வாரம் இரண்டையும் மிஸ்ஸுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"நல்லா மாறியிருக்கு சார்," என்றார். "ஆனா ரெண்டுலயும் டைமுக்கு வர்றது குக்கர் விசில் மட்டும்தான்."